மீன் தொட்டியில் நத்தைப் பெருக்கம்: காரணமும் கட்டுப்பாடும்

இறைவன் படைத்த உயிர்களுள் பயனற்றது என்று ஒன்றில்லை. ஆயினும் எந்த உயிரும் தனக்குரிய இடத்தில், தனக்குரிய அளவில் இருக்கும்போதுதான் நன்மை விளைகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சாகும் என்று பெரியோர் சொல்வதை ஒரு சிறிய கண்ணாடித் தொட்டி நம் கண்முன் காட்டிவிடுகிறது.

கீழ்பென்னாத்தூரிலும் இப்போது பல வீடுகளின் கூடத்தில் மீன் தொட்டியைக் காண்கிறோம். கப்பி, மோலி, தங்கமீன் என்று பிள்ளைகள் ஆசையாய் வாங்கி வைக்கிறார்கள். சில வாரம் கழித்துக் கண்ணாடியின்மேல் மிளகளவில் ஒரு நத்தை ஊர்கிறது. "அட, அழகாயிருக்கிறதே!" என்று மகிழ்கிறோம். ஓரிரு மாதம் செல்கிறது. மிளகளவு ஒன்று இருந்த இடத்தில் நூறு, இருநூறு! கண்ணாடி எங்கும் கோடு கோடாய்க் கோழை. செடி இலைகளில் வழவழப்பான முட்டைக் கூழ். "மருந்து ஊற்றிக் கொன்றுவிடு" என்று ஒருவர் சொல்கிறார். "எல்லாவற்றையும் வாய்க்காலில் கொட்டிவிடு" என்று இன்னொருவர் சொல்கிறார். இவ்விரண்டும் ஏன் தவறு, சரியான வழி எது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நத்தை எப்படி வந்தது?

நத்தை வானத்திலிருந்து விழவில்லை, நாமே கொண்டுவந்ததுதான். பெரும்பாலும் அது நீர்ச்செடியோடு வருகிறது. வண்ணமீன் வளர்ப்புக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரிலிருந்து வந்த செடியானாலும், நம் ஏரிக்கரையில் பறித்த வேலம்பாசியானாலும், இலையின் அடிப்புறத்தில் கண்ணாடிபோன்ற ஒரு கூழ்த்துளி ஒட்டியிருக்கலாம். அதற்குள் இருக்கும் முட்டைகள் அவ்வளவு சிறியவை; உற்றுப் பார்த்தாலொழியத் தெரியா. மீன் வாங்கிவரும் பிளாஸ்டிக் பையின் நீரிலும், பிறர் தொட்டியிலிருந்து எடுத்த கூழாங்கல்லிலும் குஞ்சு நத்தைகள் வருவதுண்டு.

மூவகை நத்தைகள்

நோயை அறிந்தே மருந்து தேடவேண்டும். நம் தொட்டிகளில் பெரும்பாலும் காணக்கூடியவை மூன்று வகை.

முதலாவது, ஃபைசா என்னும் சிறு நத்தை. ஓடு மெல்லியது, பழுப்பு நிறம், பார்வைக்கு ஒரு நீர்க்குமிழி போலிருக்கும். ஓட்டின் கூர்முனையை மேலாக வைத்து, வாயை நம்மை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். வாய் நம் இடக்கைப் பக்கம் இருக்கும். மற்றப் பெரும்பாலான நத்தைகளுக்கு வலப்பக்கம் இருக்கும். விலைமதிப்பற்றது என்று போற்றப்படும் வலம்புரிச் சங்கின் சுழற்சியும் ஃபைசாவின் சுழற்சியும் ஒன்றே! சங்கைக் கூர்முனை கீழாகப் பிடித்துப் பார்ப்பது நம் வழக்கமாதலால் அதை வலம்புரி என்கிறோம். சங்கில் அது அரிது. நம் தொட்டியில் நூற்றுக்கணக்கில் கிடைக்கிறது. இந்நத்தைக்கு அறிவியலார் 1805-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பெயர் சூட்டினர். ஆனால் அதன் பிறப்பிடம் வட அமெரிக்கா என்பது பின்னர் தெளிவாயிற்று. செடிகளோடு பயணம் செய்து உலகெங்கும் பரவிவிட்ட உயிர் இது.

இரண்டாவது, இந்தோபிளானார்பிஸ். இது நம் நாட்டுக்கே உரியது. ஏரி, குளம், குட்டைகளில் வாழ்வது. ஓடு ஆட்டுக்கடாவின் கொம்பு போலத் தட்டையாய்ச் சுருண்டிருக்கும். பெரும்பாலான நத்தைகளின் இரத்தத்தில் செம்பு கலந்த நிறமி உண்டு. இதன் இரத்தத்திலோ நம் இரத்தத்தில் உள்ளதைப்போல் இரும்பு கலந்த ஹீமோகுளோபின் உண்டு. ஆகையால்தான் உயிர்வளி குறைந்த கலங்கல் நீரிலும் அது பிழைக்கிறது.

மூன்றாவது, மெலனாய்டஸ். நீண்டு கூம்பிய ஓடு; திருகாணி போன்ற வடிவம். பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும், இரவில் வெளிவரும். இது முட்டையிடாது, குஞ்சே ஈனும். ஆணின் துணையின்றியே பெண் நத்தை குஞ்சு ஈனுவது இதன் தனிச்சிறப்பு. ஓட்டின் வாயை அடைக்க இதற்கு ஒரு மூடியும் உண்டு. அந்த மூடியைப் பற்றிப் பின்னர் பேசவேண்டியிருக்கிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலிரண்டு வகையிலும் ஒரே நத்தை ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கிறது. துணை கிடைக்காவிட்டாலும் தானே கருவுற்று முட்டையிட வல்லது. எனவே "ஒரே ஒரு நத்தைதானே" என்று அலட்சியமாய் விட்டுவிட இடமில்லை.

ஏரியில் பெருகாதது தொட்டியில் ஏன் பெருகுகிறது?

இதுதான் இக்கட்டுரையின் உயிர்நாடியான கேள்வி.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நத்தை 20 முட்டை இடுவதாக வைத்துக்கொள்வோம். இருபதும் பிழைத்து ஒவ்வொன்றும் 20 முட்டை இட்டால் 400. அவையும் பிழைத்து அவ்வாறே இட்டால் 8,000. மூன்றே தலைமுறையில் இவ்வளவு என்றால், ஏரிகள் எல்லாம் நத்தையால் அல்லவா நிரம்பியிருக்க வேண்டும்? ஏன் நிரம்பவில்லை?

ஏரியில் நத்தைக்குப் பகை பல உண்டு. நத்தை குத்தி நாரை என்று ஒரு பறவை. அதன் அலகுகள் மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை உருவித் தின்பதில் அதற்கு நிகர் அதுவே. வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளுள் அதுவும் ஒன்று. நெல் வயல்களிலும் ஏரி ஓரங்களிலும் அதனை நாம் காணலாம். வாத்து, நண்டு, சிலவகை மீன் யாவும் நத்தையைத் தின்கின்றன. கோடையில் ஏரி வற்றுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நத்தைக்குக் கிடைக்கும் உணவுக்கு அங்கே ஓர் எல்லை உண்டு.

தொட்டியில் நாரை இல்லை, நண்டு இல்லை, கோடையும் இல்லை. நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதைத் தண்ணீர் காய்ச்சும் அண்டாவின் அடியில் படியும் வெண்மையே சொல்லும். அந்தச் சுண்ணாம்பு நத்தைக்கு ஓடு கட்டத் தாராளமாய் உதவுகிறது. இவை யாவும் சேர்ந்தாலும் உணவின்றி எந்த உயிரும் பெருகாது. அந்த உணவை அளிப்பவர் யார்? நாமே! காலையில் அக்காள் ஒரு சிட்டிகை தீனி போடுகிறாள். மாலையில் தம்பி ஒரு பிடி போடுகிறான். "மீன் வாயைத் திறக்கிறதே, பாவம்!" என்று பாட்டியும் கொஞ்சம் தூவுகிறார். மீன் தின்றது போக எஞ்சியது மணலில் இறங்கி அழுகுகிறது. அதுவே நத்தைக்கு அன்றாட விருந்து.

ஆகவே நத்தைப் பெருக்கம் என்பது நோயன்று; நோயின் அறிகுறி. தொட்டியில் நத்தை எவ்வளவு பெருகியிருக்கிறதோ அவ்வளவு தீனி வீணாகிறது என்று பொருள். காய்ச்சலைக் காட்டும் தெர்மாமீட்டரை உடைத்துவிட்டால் காய்ச்சல் தணிந்துவிடுமா?

நத்தையால் நன்மை இல்லையா?

உண்டு. நத்தையின் வாயில் ராடுலா என்னும் அரம்போன்ற நாக்கு இருக்கிறது. அதனால் கண்ணாடியில் படரும் பாசியைச் சுரண்டித் தின்கிறது. அழுகிய இலையையும் மீந்த தீனியையும் அப்புறப்படுத்துகிறது. மெலனாய்டஸ் மணலைக் கிளறிக் காற்றோட்டம் தருகிறது. பத்துப் பதினைந்து நத்தைகள் ஒரு தொட்டியில் இருப்பது குற்றமன்று. துப்புரவுப் பணியாளர் இருப்பதாகவே கொள்ளலாம்.

நூற்றுக்கணக்கில் பெருகினால்தான் தொல்லை. அவற்றின் கழிவு நீரைக் கெடுக்கிறது. ஃபில்டரின் வாயில் புகுந்து அடைத்துக்கொள்கிறது. பாசி தீர்ந்தபின் இளந்தளிரையும் சில வகைகள் கடிக்கின்றன. எனவே நம் நோக்கம் நத்தையை அடியோடு ஒழிப்பதன்று, அளவோடு நிறுத்துவது.

மருந்து ஏன் கூடாது?

நத்தையைக் கொல்லும் மருந்துகளில் பெரும்பாலானவற்றில் செம்பு உண்டு. மயில்துத்தம் எனப்படும் தாமிர சல்பேட் அவற்றுள் ஒன்று. நீரில் கரைந்த செம்பு நத்தையைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் இறாலையும் கொல்லும். மென்மையான செடிகளையும் வாட்டும். அளவு சிறிது கூடினால் மீனையும் கொல்லும். எது சரியான அளவு என்பதும் நீருக்கு நீர் மாறுபடும். மென்னீரில் செம்பின் நச்சுத்தன்மை மிகுதி. கடினநீரில் ஒரு பகுதி படிந்துவிடுகிறது. வீட்டில் தேக்கரண்டியால் அளந்து இதைச் செய்ய முடியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மருந்து நன்றாகவே வேலை செய்தது என்று வைத்துக்கொள்வோம். இருநூறு நத்தைகள் ஒரே இரவில் இறந்து மணலுக்குள் அழுகத் தொடங்கும். அழுகும் சதையிலிருந்து அம்மோனியா உண்டாகும். நீர் சூடாகவும் காரத்தன்மை உள்ளதாகவும் இருந்தால் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கடுமையாகும். நம் ஊர்க் கோடையில் தொட்டி நீர் அப்படித்தான் இருக்கும். மருந்துக்குத் தப்பிய மீன், நத்தையின் சாவுக்குத் தப்பாது. மெலனாய்டஸ் மட்டும் தன் மூடியை இறுக அடைத்துக்கொண்டு மணலுக்குள் காத்திருக்கும். எல்லாம் ஓய்ந்தபின் வெளிவந்து மீண்டும் குஞ்சு ஈனும். மீன் போயிற்று, பணம் போயிற்று, நத்தை மட்டும் நிற்கிறது!

கோதுமை வயலில் களை முளைத்த உவமையை ஆண்டவர் சொன்னதை நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். களையை உடனே பிடுங்கிவிடவேண்டும் என்று பணியாளர் அவசரப்பட்டனர். கோதுமைக்குக் கேடு வருமே என்று தலைவன் தடுத்தான். அந்தத் தலைவனின் நிதானம் மீன் வளர்ப்போருக்கும் வேண்டும்.

செய்யவேண்டிய ஆறு காரியங்கள்

1. தீனியைக் குறையுங்கள். நாளுக்கு ஒருமுறை, மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடவேண்டும். வீட்டில் ஒருவரே இப்பொறுப்பை ஏற்றுக்கொள்வது நல்லது. வளர்ந்த மீன்களுக்கு வாரத்தில் ஒருநாள் தீனி போடாமலிருந்தால் ஒரு கேடும் இல்லை. தவக்காலத்தில் நாம் ஒருசந்தி இருப்பதுபோல் மீனும் வாரம் ஒருநாள் ஒருசந்தி இருக்கட்டும்!

2. அடியைத் துப்புரவு செய்யுங்கள். வாரம் ஒருமுறை ரப்பர் டியூப் கொண்டு மணலின் மேலுள்ள கசடை உறிஞ்சி வெளியேற்றி, நாலில் ஒரு பங்கு நீரை மாற்றவேண்டும். முழு நீரையும் ஒரேயடியாக மாற்றக்கூடாது. டியூபை வாயால் உறிஞ்சாதீர்கள். டியூபில் முழுதும் நீரை நிரப்பி, இருமுனையையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டிக்குள்ளும் மறுமுனையைத் தாழ்வாக வைத்த வாளியிலும் விட்டுத் திறந்தால் நீர் தானே வடியும்.

3. பொறி வையுங்கள். வாயகன்ற சிறு கண்ணாடிப் புட்டியில் ஒரு வெள்ளரித் துண்டையோ, வெந்நீரில் வாட்டிய முட்டைக்கோஸ் இலையையோ இட்டு, விளக்கணைக்கும் நேரத்தில் தொட்டியின் அடியில் படுக்கவையுங்கள். இரவில் நத்தைகள் அதில் வந்து மொய்க்கும். விடிந்ததும் புட்டியோடு எடுத்துவிடலாம். காயை ஒருநாளுக்குமேல் விட்டால் அதுவே அழுகி நீரைக் கெடுக்கும்.

4. கையால் பொறுக்குங்கள். இரவில் டார்ச்சு விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் மணலுக்குள் இருந்தவையும் கண்ணாடியில் ஏறியிருக்கும். நாளுக்குப் பத்து எடுத்தாலும் மாதத்தில் முந்நூறு ஆயிற்றே!

5. முட்டைக் கூழைச் சுரண்டுங்கள். கண்ணாடியில் ஒட்டிய கூழைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து எடுத்துவிடுங்கள். முட்டை ஒட்டிய இலையைக் கிள்ளி எறியுங்கள். வெப்பமான நீரில் ஓரிரு வாரத்திலேயே குஞ்சு பொரித்துவிடும்; ஆதலால் வாரம் தவறாமல் பார்க்கவேண்டும்.

6. புதுச் செடியைக் காவலில் வையுங்கள். ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி படிகாரத் தூளைக் கரைத்து, செடியை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசுங்கள். நத்தை பெரும்பாலும் உதிர்ந்துவிடும், முட்டை தப்பிக்கலாம். ஆகையால் மூன்று வாரம் செடியைத் தனி வாளியில் வைத்து, பொரிக்கும் குஞ்சுகளை எடுத்துவிட்டுப் பின்னரே தொட்டியில் நடவேண்டும்.

தீனியைக் குறைக்காமல் மற்ற ஐந்தையும் செய்வது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதற்கு ஒப்பாகும். எடுத்த நத்தைக்கு ஈடாகப் புது நத்தை வந்துகொண்டே இருக்கும். தீனி குறைந்தாலோ நத்தை தானாகவே குறைவாக முட்டையிடும்.

நத்தை தின்னும் மீனை விடலாமா?

"நத்தையைத் தின்ன ஒரு மீன் வாங்கி விட்டால் போதுமே" என்று பலரும் கேட்கிறார்கள். நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் ஆறுகளில் ஒரு குட்டி மீன் உண்டு. உடல் ஓரங்குலம் தேறும்; வயிற்றை உப்பவைக்கும். பம்பை ஆற்றில் கிடைத்த இம்மீனைச் சுந்தர் லால் ஹோராவும் கே. கே. நாயரும் 1941-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினர். கடைக்காரர்கள் இதைக் குட்டிப் பஃபர் என்பார்கள். சிறு நத்தையைத் தின்பதில் கெட்டிக்கார மீன்தான். ஆனால் உடன் வாழும் கப்பியின் வாலையும் தங்கமீனின் துடுப்பையும் கடித்துக் குதறிவிடும். மேலும், ஆற்றிலிருந்து பிடித்து விற்பதால் அருகி வரும் இனம் அது. நம் நத்தைத் தொல்லைக்காகப் பம்பை ஆறு வறுமையடைய வேண்டுமா?

தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று விற்கப்படும் சக்கர் மீன் நத்தையைத் தின்னாது, பாசியைத் தின்னும். கையளவு தொட்டியில் விட்ட அந்த மீன் ஓரடிக்கு மேல் வளர்ந்துவிடும். வளர்ந்தபின் வைக்க இடமின்றிப் பலர் நீர்நிலைகளில் விட்டுவிட்டார்கள். இன்று தமிழ்நாட்டின் ஏரிகளில் வலை வீசும் மீனவர்க்கு அது பெருந்தொல்லையாய் நிற்கிறது.

ஓர் உயிரை அடக்க வேறோர் உயிரைக் கொண்டுவருவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்குப் பசிபிக் தீவுகளின் வரலாறு சான்று. ஆப்பிரிக்க ராட்சத நத்தை பயிரைத் தின்கிறது என்று, அதனை வேட்டையாடும் இன்னொரு நத்தையை 1955-இல் ஹவாய்த் தீவுகளிலும் 1977-இல் மூரியாத் தீவிலும் கொண்டுபோய் விட்டார்கள். வந்த நத்தை, ராட்சத நத்தையை விட்டுவிட்டு, அத்தீவுகளுக்கே உரிய சாதுவான சிறு நத்தைகளை வேட்டையாடியது. மூரியாவில் பார்ட்டுலா என்னும் நத்தையினங்கள் பத்தே ஆண்டுகளில் காடுகளிலிருந்து மறைந்தன. உயிர்க்காட்சிச்சாலைகளில் காப்பாற்றி வளர்க்கப்பட்ட சிலவற்றை 2015 முதல் மீண்டும் தீவுகளில் விட்டு வருகிறார்கள். அவசரம் பத்தாண்டில் அழித்ததை மீட்க முப்பதாண்டுக்குமேல் ஆகிறது.

வாய்க்காலில் கொட்டாதீர்கள்!

பொறுக்கிய நத்தையை என்ன செய்வது? இங்கேதான் நம் பொறுப்பு வீட்டு வாசலைத் தாண்டிச் செல்கிறது.

நம் வட்டாரம் ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் வட்டாரம். ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்நீர் அடுத்த ஏரிக்குப் போகிறது. அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. மதகு வழியே வயலுக்கும் பாய்கிறது. ஆகவே ஒரு வீட்டுச் சாக்கடையில் கொட்டிய தொட்டி நீர் ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

1847-ஆம் ஆண்டில் பென்சன் என்னும் ஆங்கிலேயர் மொரீஷியசிலிருந்து சில ராட்சத நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை சௌரங்கிப் பகுதித் தோட்டம் ஒன்றில் விடப்பட்டன. கேட்டால் சாதாரணச் செயல்! இன்று இந்தியாவின் பல மாநிலங்களிலும் வாழை, பப்பாளி, காய்கறித் தோட்டங்களில் அதன் வழிவந்தவை புகுந்து அழிக்கின்றன. கேரளத்து விவசாயிகள் மழைக்காலந்தோறும் அவற்றோடு போராடுகிறார்கள்.

நெல்லுக்கு நேர்ந்த கதை இன்னொன்று. தென் அமெரிக்காவின் பொன்னிற ஆப்பிள் நத்தையை உணவுக்காக வளர்த்து விற்கலாம் என்று 1980-ஐ ஒட்டித் தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். சுவை பிடிக்கவில்லை, வாங்குவார் இல்லை. வெளியே போன நத்தை வயலில் இறங்கி இளநாற்றைத் தின்றது. பிலிப்பைன்ஸ், வியட்நாம், தாய்லாந்து என்று ஆசியாவின் நெல் நாடுகளில் பரவியது. ஸ்பெயினில் ஏப்ரோ ஆற்றின் கழிமுக வயல்களில் 2009-இல் அது காணப்பட்டது. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த நத்தையினத்தின் வரவையே தடை செய்தது. மீன் கடைகளில் மஞ்சள் நிறத்தில் அழகாய் விற்கும் பெரிய நத்தைகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவை எல்லாமே நாற்றைத் தின்பவை அல்ல. ஆனால் எது எது என்று பிரித்தறிய நம்மால் இயலாது. எனவே எதையும் வெளியே விடாதிருப்பதே அறிவுடைமை.

விலங்கியல் பாடத்தில் நாம் படிக்கும் பைலா என்னும் நம் நாட்டு ஆப்பிள் நத்தை வேறு. அது ஈரமண்ணில் வெண்ணிற முட்டையிடும். அந்நிய நத்தையோ நீருக்குமேல் நிற்கும் பயிர்த்தண்டில் இளஞ்சிவப்பு நிறத்தில் கொத்தாக முட்டையிடும். வயலில் அப்படி ஒரு சிவப்புக் கொத்தைக் கண்டால் உடனே வேளாண்மை அலுவலரிடம் தெரிவிப்பது நம் கடமை.

பொறுக்கிய நத்தைகளைக் கொதிநீரில் போட்டால் கணத்தில் இறந்துவிடும். பின்னர் நசுக்கிக் கோழிக்கு இடலாம். ஓட்டிலுள்ள சுண்ணாம்பு முட்டை ஓட்டுக்கு உதவும். இல்லையேல் உரக்குழியில் புதைக்கலாம். தொட்டி நீரைச் சாக்கடையில் விடாமல் மேட்டு நிலத்துப் பூச்செடிக்கு ஊற்றுங்கள். செடி செழிக்கும், அதிலுள்ள முட்டையோ குஞ்சோ காய்ந்துபோகும். வளர்க்க முடியாத மீனைக் கடைக்காரரிடமோ தோழியிடமோ ஒப்படையுங்கள், ஏரியில் விடாதீர்கள்.

உடல்நலக் குறிப்பு

முன்பு சொன்ன இந்தோபிளானார்பிஸ் நத்தைக்கும் நம் மாட்டுக்கொட்டிலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மாடுகளின் மூக்கில் புண் உண்டாக்கிக் குறட்டை விடுவதுபோல் மூச்சுவிடச் செய்யும் ஒரு நோயைச் சென்னை மாகாணத்தில் ஆராய்ந்த எம். ஆனந்த நாராயண ராவ், அதற்குக் காரணமான இரத்தப் புழுவை 1933-இல் விவரித்தார். அந்தப் புழுவின் குஞ்சு வளர்வது இந்த நத்தையின் உடலில்தான். நத்தையிலிருந்து வெளிவரும் புழுக்குஞ்சுகள் மனிதர் தோலில் பட்டால் அரிப்பு உண்டாவதுண்டு. மாடு குளிப்பாட்டும் குட்டையில் பறித்த செடியைக் கழுவாமல் தொட்டியில் வைக்கலாகாது என்பதற்கு இதுவே காரணம். முட்டை வழியாகப் புழு பரவுவதில்லை. ஆதலால் வீட்டுத் தொட்டியிலேயே பொரித்து வளர்ந்த நத்தையைக் கண்டு அஞ்சவேண்டாம். ஆயினும் தொட்டியில் கைவிட்டபின் சோப்பால் கழுவுவதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

முடிவுரை

படைப்புகளை உடன்பிறப்பாய் நேசித்த அசிசியின் புனித பிரான்சிஸை 1979-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடல், இவ்வுலகை நம் அனைவருக்கும் பொதுவான இல்லமாகப் பேணச் சொல்கிறது. அந்தப் பேரில்லத்தைக் காக்கும் பயிற்சியை நம் வீட்டுக் கூடத்திலுள்ள இரண்டடித் தொட்டியிலேயே தொடங்கலாம்.

அன்பு மாணவியரே! தொட்டியில் நத்தை பெருகினால் நத்தையைத் திட்டாதீர்கள். தீனி டப்பாவைப் பாருங்கள். பெற்றோர்களே! மருந்து வாங்கும் காசை மிச்சப்படுத்தி, பிள்ளைக்கு ஒரு டார்ச்சு விளக்கைக் கொடுத்து, இரவில் ஒருமணி நேரம் தொட்டியைக் கவனிக்கச் சொல்லுங்கள். எந்தப் புத்தகமும் தராத உயிரியல் பாடம் அங்கே கிடைக்கும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் தொட்டி நீரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து வேலம்பாசியும் ஐந்து சிறு நத்தைகளும் இடுங்கள். முதல் புட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். இரண்டாவதில் எதுவும் போடவேண்டாம். ஆறு வாரம், வாரம் ஒருமுறை நத்தைகளையும் முட்டைக் கூழ்களையும் எண்ணிக் குறித்து, வரைபடம் வரையுங்கள். முடிந்தபின் நீரை எங்கே ஊற்றவேண்டும் என்பதை மறவாதீர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. ஃபைசா நத்தையின் ஓட்டை மற்ற நத்தைகளின் ஓட்டிலிருந்து எவ்வாறு பிரித்தறிவாய்?
2. ஏரியில் நத்தை அளவோடு இருப்பதற்குரிய காரணங்கள் யாவை?
3. நத்தைகள் ஒரே நாளில் இறப்பது மீனுக்கு ஏன் ஆபத்து?
4. பைலாவின் முட்டைக்கும் அந்நிய ஆப்பிள் நத்தையின் முட்டைக்கும் உள்ள வேற்றுமை என்ன?
5. உன் வீட்டுச் சாக்கடை நீர் எந்த ஏரிக்குப் போகிறது? பெரியோரைக் கேட்டு எழுதுக.